வீட்டுக் குப்பையும் நிலத்தின் செல்வமே

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலையேறும் புஷ்பக் காவடிகளின் மலர்கள் மறுநாளே வாடிவிடுகின்றன. நம் இல்லத்துப் பூஜை மலரும் காய்கறித் தோலும் அவ்வாறே வீதிக்குச் செல்கின்றன. நாமோ உரத்தை விலைக்கு வாங்குகிறோம். ரசாயன உரம் பயிருக்கு ஊட்டந்தரும். மண்ணுக்கு மக்கு தராது.

இந்தூரில் ஆராய்ச்சி நடத்திய ஆல்பர்ட் ஹோவர்டு, இலைதழைகளையும் சாணத்தையும் அடுக்கி, மும்முறை புரட்டி, மூன்று மாதத்தில் எருவாக்கும் முறையை 1931-இல் நூலாக வெளியிட்டார்.

நிழலான மேட்டில், நீளம் அகலம் உயரம் மூன்றும் மூவடியாகக் குவியல் அமைப்போம். இதனிற் சிறிதாயின் வெப்பம் தங்காது. சருகு மூன்று கூடை, பச்சைக் கழிவு ஒரு கூடை, மேலே சாணக் கரைசல் என மாறி மாறி அடுக்குதல் வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை ஈரமாகலாம், நீர் ஒழுகலாகாது. நாற்றம் எழுந்தால் காற்றுப் போதவில்லை. புரட்டிச் சருகு சேர்க்கவும். சூடேறாவிடில் ஈரமோ பச்சைக் கழிவோ குறைவு.

நெசவாளர் இல்லங்களில் சாயமிடாத பருத்தி நூல் கழிவையும் இடலாம். சாயநீர், சரிகை, மாலையின் பிளாஸ்டிக் நார் ஆகியவை கூடா.

கருநிறமும் மண்வாசனையும் பெற்று உதிர்ந்தால் எரு பக்குவமாயிற்று. அங்கத்தினர் ஒவ்வொருவரும் இவ்வாரமே ஒரு குவியல் தொடங்குவோமாக.