பிரிந்தவர் கூடுதல்: ஜேன் ஆஸ்டினின் இறுதி நாவல்

காதலர் முதன்முதற் கண்டு கூடுதலைப் பாடாத மொழி அரிது. நம் அகத்திணை நூல்களும் இயற்கைப் புணர்ச்சி தொட்டுத் தொடங்கி, பாங்கற் கூட்டம், பாங்கியிற் கூட்டம் என வகுத்துச் செல்வன. பிரிவும் அவற்றில் உண்டு. எனினும் ஓதலோ தூதோ பொருளோ காரணமாகப் பிரிந்த தலைவன் குறித்த பருவத்தில் மீள்வான் என்னும் நம்பிக்கை அப்பிரிவினுள்ளேயே அடங்கிக் கிடக்கும். காதலித்த இருவர் பெரியோர் சொற்கேட்டுத் தம் உறவை அறுத்துக்கொண்டு, சினத்தோடும் புண்பட்ட நெஞ்சோடும் பிரிந்து, எட்டாண்டு கழித்து ஒருநாள் ஒரே விருந்து மேசையில் அமர நேர்ந்தால் என்னாகும்? ஒருவரையொருவர் நலம் வினவுவதா? உப்புக் கிண்ணத்தைத் தருமாறு கேட்பதா? இவ்வினாவிற் கண்ணீரும் உண்டு, நகைப்பும் உண்டு. இரண்டையும் ஒருங்கே வைத்து எழுதிய ஆங்கில நாவல்களுள், யான் படித்த அளவில், ஜேன் ஆஸ்டின் அம்மையாரின் 'பர்ஸுவேஷன்' என்பதே தலைசிறந்தது. பிறரைத் தம் சொல்லுக்கு இணங்கச் செய்தல் என்பது அத்தலைப்பின் பொருள்.

அம்மையார் இதனை 1815-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கி மறு ஆண்டு ஆகஸ்டில் முடித்தார். 1817 ஜூலை 18-இல், நாற்பத்தோராம் வயதில், வின்செஸ்டர் நகரில் உயிர் துறந்தார். அவ்வாண்டு டிசம்பரில் அவருடைய மற்றொரு நாவலோடு சேர்ந்து இந்நூல் வெளிவந்தது. அவர் முற்றுவித்த நாவல்களுள் இறுதியில் எழுதியது இதுவே.

கதை 1814-ஆம் ஆண்டின் கோடையில் தொடங்குகிறது. ஸோமர்ஸெட்ஷயரிலுள்ள கெல்லின்ச் மாளிகைக்குரியவர் ஸர் வால்ட்டர் எலியட். மனைவியை இழந்த அவருக்கு மகளிர் மூவர், நடுமகள் ஆன். 1806-இல், பத்தொன்பது வயதில் (இதனை எழுதும் எனக்கும் அவ்வயதே), அவள் பிரெடரிக் வெண்ட்வொர்த் என்னும் இளங் கடற்படை அலுவலனோடு மணவுறுதி செய்துகொண்டாள். அவனுக்குப் பொருளில்லை, அப்போது ஏறுதற்கு ஒரு கப்பலும் இல்லை. தந்தை முகஞ் சுளித்தார். இறந்த தாயின் தோழியாய், ஆனுக்குத் தாய் போன்றிருந்த லேடி ரஸல் என்னும் பெருமாட்டியோ அன்போடு தடுத்தாள். தந்தையின் சுளிப்பை ஆன் பொறுத்திருப்பாள். அன்பான சொல்லை அவளால் வெல்ல முடியவில்லை. உறுதியை முறித்தாள். அவ்வாறு செய்வது அவனுக்கும் நலமே என்று நம்பியே முறித்தாள். அவனோ அதனை நெஞ்சுரமின்மை என்றெண்ணி வெகுண்டு கடலேறினான். பகைவர் கப்பலைப் பிடித்தால் அதன் விலையிற் பங்கு பெறுவது அக்காலக் கடற்படை வழக்கு. அவ்வகையில் இருபத்தையாயிரம் பவுன் ஈட்டித் திரும்பி வருகிறான். ஆனுக்கு வயது இருபத்தேழு. அழகு வாடிவிட்டது என்று ஊரே கருதுகிறது.

அவன் திரும்பிவருவதற்கு வழி திறந்த விதமே நகைச்சுவையின் தொடக்கம். ஸர் வால்ட்டர் விரும்பிப் படிக்கும் நூல் உலகில் ஒன்றே. அது குடிப்பெருமக்களின் வரலாற்றேடு. அதில் தம் பெயர் உள்ள பக்கம் அவருக்கு ஒருநாளும் தெவிட்டுவதில்லை. கடன் மிகுந்து மாளிகையை வாடகைக்கு விட நேர்ந்தபோது, குடியேற வந்தவர் கிராப்ட் என்னும் கடற்படைத் தலைவர். கடற்காற்றில் முகங் கருகியோரைக் கண்டால் ஸர் வால்ட்டருக்கு அருவருப்பு. ஆயினும் இவர் முகம் அவ்வளவு கெடவில்லை என்றும், தம் பணியாள் அவர் தலைமயிரைச் சீர்செய்தால் அவரோடு வெளியே நடமாடவும் கூசவேண்டுவதில்லை என்றும் தேறி இசைகிறார். குடியேறிய கிராப்ட், ஸர் வால்ட்டரின் ஒப்பனையறையிலிருந்த பெருங் கண்ணாடிகளுட் பலவற்றை அப்புறப்படுத்துகிறார். எப்பக்கம் திரும்பினும் தம் உருவமே தெரிவது அக்கடலோடிக்குப் பொறுக்கவில்லை! இந்தக் கிராப்டின் மனைவி வெண்ட்வொர்த்தின் தமக்கை. ஆகவே தம்பியும் அங்கு வருகிறான். தந்தையின் வீண்பெருமை மகளின் காதலனை ஒருகாற் போக்கியது. அதே வீண்பெருமையால் விளைந்த கடன் அவனை மீட்டுக் கொணர்ந்தது.

ஆன் அப்போது தங்கை மேரியின் வீட்டில் இருக்கிறாள். மேரியைப் போன்ற ஒருத்தி நம் சுற்றத்திலும் இல்லாமற் போகாள். யாரும் தன்னைப் பொருட்படுத்தாத நாளெல்லாம் அவளுக்கு நோய். விருந்தென்று கேட்டால் நோய் பறந்துவிடும். அவள் மகன் கீழே விழுந்து தோளெலும்பு பிசகிக் கிடந்தபோது, கணவன் மட்டும் விருந்துக்குப் புறப்பட்டதைக் கண்டு, தாயுள்ளம் படும் பாட்டை எடுத்துரைத்துப் புலம்புகிறாள். பிள்ளையை யான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆன் கூறியதும், அத்தாயுள்ளம் உடுத்திக்கொண்டு விருந்துக்குச் சென்றுவிடுகிறது. இத்தங்கைக்குப் பழைய மணவுறுதி தெரியாது. அது நிகழ்ந்தபோது அவள் பள்ளியிலிருந்தாள். ஆதலின், ஆனை அடையாளமே தெரியாதபடி அவ்வளவு மாறிவிட்டாள் என்று வெண்ட்வொர்த் கூறியதை, ஊர்ச்செய்தி ஒன்றைச் சொல்வதுபோல் அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். சொன்னவளுக்கு அஃது ஒன்றுமில்லை. கேட்டவளுக்கு எல்லாம் அதுவே. இந்நாவலின் நகைச்சுவை முழுதும் இவ்வகையினது. அறியாதார் ஓயாமற் பேசுகின்றனர். அறிந்த இருவரும் வாய் திறக்க இயலாமல் இருக்கின்றனர்.

வாய் திறவாதோர் உள்ளம் எவ்வாறு வெளிப்படும்? சிறுவன் ஒருவன் ஆனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முதுகிலிருந்து இறங்க மறுக்கிறான். யாரோ அவனைப் பிரித்தெடுக்கின்றனர். எடுத்தவன் வெண்ட்வொர்த் என்று உணர்ந்ததும் அவளுக்கு நன்றி கூறவும் நா எழவில்லை. அவனும் அந்நன்றியைக் கேளாதிருத்தற்பொருட்டே சிறுவனோடு ஆரவாரமாக விளையாடுகிறான். செயலும் சிறிது, சொல்லோ ஒன்றுமில்லை.

இனி, தமிழ் பயில்வார்க்கு இந்நூலில் ஒரு தனிச்சுவை உண்டு. நம் சங்கச் செய்யுட்களில் சிறைப்புறம் என்றொரு துறை பன்முறை வரும். தலைவன் வேலிப்புறத்தே வந்து நிற்பான். அவன் செவிப்படுமாறு தோழியோ தலைவியோ தம்முட் பேசுவார்போலப் பேசுவர். நேரே சொல்லலாகாத ஒன்றைச் சொல்லுதற்கு நம் முன்னோர் கண்ட நெறி அது. ஆஸ்டின் அம்மையார் தமிழறியார். எனினும் இந்நாவலின் இரு முதன்மையான இடங்களும் சிறைப்புறமாகவே அமைந்துள்ளன.

முதலாவதில் வேலிக்கு அப்பால் இருப்பவள் ஆன். இலையுதிர்காலத்தில் யாவரும் வயல்வழியே உலாவச் சென்றபோது அவள் களைத்து ஒரு வேலியோரம் அமர்கிறாள். மேரியின் நாத்தி லூயிஸாவும் வெண்ட்வொர்த்தும் அவ்வேலியிடையே நடந்து வருகின்றனர். தான் கொண்ட முடிபில் யாரும் தன்னை அசைக்க முடியாது என்கிறாள் லூயிஸா. அவன் மகிழ்ந்து, காற்றுக்கும் மழைக்கும் உதிராமல் தங்கிய ஒரு கொட்டையைப் பறித்துக் காட்டி, உறுதிக்கு இதுவே உவமை என்று புகழ்கிறான். புகழ் லூயிஸாவுக்கு, இகழ் மறைந்திருப்பவளுக்கு. ஆயின் அப்பேச்சினிடையே, லூயிஸாவின் தமையன் சார்ல்ஸ் முதலில் ஆனையே மணக்க விரும்பினான் என்பதும், அவள் மறுத்தபின்னரே மேரியை மணந்தான் என்பதும் அவன் செவிக்கு எட்டுகின்றன. அது எந்த ஆண்டு என்று வினவுகிறான். அவ்வினாவையும் ஆன் கேட்டுவிடுகிறாள்.

அசையாத அவ்வுறுதியின் பயன் லைம் என்னும் கடற்கரை ஊரில் விளங்குகிறது. அங்குள்ள கல்லணையின் படிகளிலிருந்து தன்னைக் குதிக்கவிட்டுப் பிடிக்குமாறு லூயிஸா அவனைக் கேட்கிறாள். ஒருமுறை குதித்தாயிற்று, மீண்டும் ஏறுகிறாள். அவன் வேண்டாமென்கிறான். தான் உறுதி கொண்டுவிட்டதாகக் கூறி, அவன் கைந்நீட்டுமுன் குதித்துத் தலையில் அடிபட்டு உணர்விழக்கிறாள். உடன்பிறந்தாள் ஒருத்தி மயங்குகிறாள், மேரி அலறுகிறாள், துறையிலுள்ளோர் வேடிக்கை பார்க்கக் கூடுகின்றனர். மருத்துவரை அழைக்கச் சொல்லி, ஒவ்வொருவரையும் ஏவி, நிலைமையைத் தாங்கி நிற்பவள் நெஞ்சுரமில்லாதவள் என்று அவன் எண்ணியிருந்த ஆன்தான். உறுதிக்கும் பிடிவாதத்திற்கும் உள்ள வேற்றுமை அக்கல்லணையில் அவனுக்குப் புலனாயிற்று.

இரண்டாவது சிறைப்புறம் பாத் நகரத்து விடுதி ஒன்றில் நிகழ்கிறது. வெண்ட்வொர்த்தின் நண்பன் ஹார்வில். ஹார்விலின் தங்கை பென்விக் என்பானுக்கு மணவுறுதி செய்யப்பெற்று, அவன் கடலிலிருக்கையில் இறந்தவள். அவளுக்கென வரையப்பட்ட பென்விக்கின் சிற்றோவியம் இப்போது அவன் புதிதாக மணக்கவிருக்கும் லூயிஸாவுக்குச் செல்லவிருக்கிறது! தங்கையை அதற்குள் மறந்தானே என்று ஹார்வில் வருந்த, நெடுங்காலம் மறவாதவர் ஆடவரா மகளிரா என்று அவனுக்கும் ஆனுக்கும் உரையாடல் எழுகிறது. கதைகளும் பாட்டுக்களும் பழமொழிகளும் மகளிரின் நிலையாமையையே கூறுகின்றன என்கிறான் அவன். அவற்றையெல்லாம் எழுதிய எழுதுகோல் ஆடவர் கையில் அன்றோ இருந்தது என்கிறாள் ஆன். நம்பிக்கைக்கு இடமில்லாத போதும் மகளிர் அன்பு நீடிக்கும் என்பதற்குமேல் அவள் தன் இனத்துக்குப் பெருமை கோரவில்லை. அருகே ஒரு மேசையில் அவ்வோவியத்தைப் பற்றியே கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் வெண்ட்வொர்த்தின் கையிலிருந்து இவ்வுரையாடலின் இடையே எழுதுகோல் நழுவி விழுகிறது. ஆடவர் கை எழுதுகோலைப் பற்றி அவள் சொல்லும் இடத்துக்குச் சற்று முன்னரே ஓர் ஆடவன் கை அதனை நழுவவிடுமாறு ஆசிரியை அமைத்தது பன்முறை படித்த பின்னரே எனக்குத் தோன்றியது. பின் அவன் அதே எழுதுகோலால் தன் உள்ளத்தை ஒரு தாளில் எழுதி வைத்து, கையுறையை மறந்தவன்போல் திரும்பிவந்து, அத்தாளை அவள் முன் தள்ளிவிட்டுச் செல்கிறான்.

நம் துறைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. நம் தோழி தலைவன் நிற்பதை அறிந்தே பேசுவாள். அவள் பேச்சில் ஒரு சூழ்ச்சி உண்டு. ஆன் பேசத் தொடங்கியது ஹார்விலுக்கே. எழுதுகோல் விழுந்த ஓசைக்குப் பின்னரே அவன் தாம் நினைத்ததினும் அருகில் இருக்கிறான் என்று அவளுக்கு ஐயம் பிறக்கிறது. அந்த ஐயத்தோடும் அவள் பேச்சை நிறுத்தவில்லை.

அம்மையார் முதலில் எழுதிய முடிவு வேறு. ஆன் தன் உறவினன் ஒருவனை மணந்து கெல்லின்ச்சிற் குடியேற விரும்புகிறாளா என்று கேட்டுவருமாறு கிராப்ட் தம் மைத்துனனை ஏவ, அவன் கேட்க, அவள் இல்லையென, இருவரும் கூடிவிடுகின்றனர். இப்பகுதி 1816 ஜூலையில் முடிந்தது. அதனைப் படித்துப் பார்த்து அவர் மனநிறைவின்றி உறங்கச் சென்றார் என்றும், பின் அதனை நீக்கி வேறு எழுதினார் என்றும் அவருடைய உடன்பிறந்தார் மகன் எழுதிய வாழ்க்கை வரலாறு கூறும். நீக்கிய அத்தாள்கள் இன்றும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. உடல்நலம் குன்றியிருந்த காலத்தில் அவர் ஏன் இவ்வுழைப்பை மேற்கொண்டார்? முதல் முடிவில் ஆன் செய்வது ஒன்றுமில்லை. பிறர் கேட்டதற்கு விடை சொல்கிறாள், அவ்வளவே. பத்தொன்பது வயதில் பிறர் சொல்லால் இழந்ததை இருபத்தேழில் பிறர் தூதாற் பெற்றாளாயின், அவள் வளர்ந்தது எங்கே? திருத்திய முடிவில் அவள் தன் சொல்லாலேயே பெறுகிறாள்.

எனினும் நகைச்சுவையை ஆசிரியை கைவிடவில்லை. கடிதம் படித்து நடுங்கியவளை நோயாளி எனக் கருதி, சார்ல்ஸ் அவளை வீட்டிற்கு அழைத்துச் செல்கிறான். வழியில் வெண்ட்வொர்த் எதிர்ப்படுகிறான். சார்ல்ஸுக்கோ ஒரு கடையில் துப்பாக்கி ஒன்றைப் பார்க்கும் வேட்கை. எனவே ஆனை அவனிடம் ஒப்புவித்து மகிழ்வோடு ஓடிவிடுகிறான். எட்டாண்டுப் பிரிவு ஒரு துப்பாக்கியின் துணையால் முடிகிறது!

எங்கள் விடுதியில் இந்நூலைப் படித்தோர் மூவர். ஒருவர் பழியை லேடி ரஸல்மீது சுமத்தினார். மற்றொருவர் ஆன்மீது சுமத்தினார். யானும் இரண்டாமவர் பக்கமே இருந்தேன். ஆனின் விடையோ எங்களைத் திகைக்கச் செய்தது. தனக்குக் கூறப்பட்ட அறிவுரை தவறானதே. ஆயினும் தாய்நிலையில் நின்றவளுக்குத் தான் இணங்கியது தவறன்று. இணங்காதிருந்தால் தன் மனச்சான்று இன்னும் மிகுதியாகத் தன்னை வருத்தியிருக்கும் என்கிறாள். இவ்விரண்டும் எவ்வாறு ஒருங்கே உண்மையாகும் என்று பல நாள் வாதாடினோம். பெற்றோர் சொல்லுக்கு அஞ்சி நிற்கும் வயதில் இவ்விடை கசப்பாகவே இருக்கிறது. ஆனால் பொய்யென்று தள்ளவும் எனக்குத் துணிவில்லை.

வெண்ட்வொர்த்தை எங்களுள் யாரும் குற்றங் கூறவில்லை. அவனே கூறிக்கொள்கிறான். 1808-இல் தனக்குச் சில ஆயிரம் பவுனும் நல்ல கப்பலும் கிடைத்தபோது கடிதம் எழுதியிருந்தால் மீண்டும் இசைந்திருப்பாளா என்று அவளை வினவுகிறான். இசைந்திருப்பேன் என்பது விடை. செருக்கினால் எழுதாதிருந்தான். ஆறாண்டு வீணே கழிந்தது லேடி ரஸலாலன்று, தன்னாலென்று அப்போது அறிகிறான். அதற்கு முன் அப்பெருமாட்டியை அவனால் மன்னிக்க இயலவில்லை, அதன்பின் இயன்றது.

அவர்கள் கூடிய காலம் 1815 பிப்ரவரி. போர் ஓய்ந்ததென்று கடற்படையினர் கரையில் இளைப்பாறிய நாள் அது. மார்ச்சு முதல் நாளன்று நெப்போலியன் மீண்டும் பிரான்சில் வந்திறங்கினான். ஆகஸ்டில் எழுதத் தொடங்கிய ஆசிரியை அதனை அறிவார், கதைமாந்தர் அறியார். இனியொரு போர் வருமோ என்னும் அச்சம் ஒன்றே ஆனின் இன்பத்தில் நிழலாக நிற்கிறது என்று கூறி அவர் நூலை முடிக்கிறார். அம்மையாரின் உடன்பிறந்தாருள் பிரான்சிஸ், சார்ல்ஸ் என்னும் இருவர் கடற்படையினர். சார்ல்ஸ் 1852-இல் பர்மியப் போரின்போது ஐராவதி ஆற்றில் நோயுற்று இறந்தார். அவர் கல்லறை திருகோணமலையில் இருக்கிறது.