நஷ்ட ஈட்டு அதிகாரியும் சட்டசபையின் ஒப்புதலும்

ஆலையில் உழைக்கும் ஒருவர் இயந்திரத்தில் சிக்கிக் கையை இழந்துவிட்டால் அவர் குடும்பத்தைக் காப்பவர் யார்? அமெரிக்காவின் நியூயார்க் ராஜ்யம் இக்கேள்விக்கு விடை கண்ட வரலாறு நாம் அறியத்தக்கது.

முற்காலத்தில் அங்கே காயமுற்ற தொழிலாளி வழக்குத் தொடுத்து, முதலாளியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. உடன் உழைத்தவரின் பிழை என்றோ, ஆபத்தை அறிந்தே வேலையை ஏற்றார் என்றோ முதலாளி காட்டிவிட்டால் வழக்குத் தோற்றுவிடும். இக்குறையை நீக்க 1910ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் 1911 மார்ச் 24ஆம் தேதி, ராஜ்யத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் அது செல்லாது எனத் தீர்ப்பளித்தது. மறுநாளே நியூயார்க் நகரில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றி 146 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். 1913இல் ராஜ்யத்தின் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, 1914இல் புதிய நஷ்ட ஈட்டுச் சட்டம் அமலுக்கு வந்தது.

இச்சட்டப்படி, பிழை யாருடையது என்ற விசாரணை இல்லை. அதற்கு ஈடாகத் தொழிலாளி, முதலாளிமீது வழக்குத் தொடுக்கும் உரிமையை விட்டுவிடுகிறார். முற்றிலும் உழைக்க இயலாதவருக்குச் சராசரி வாரச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஓர் உச்ச வரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கிறது. ஆனால் காயம் வேலையினால் நேர்ந்ததா, உழைக்கும் சக்தி எவ்வளவு குறைந்தது என்பவற்றில் தகராறு எழுந்தால் தீர்ப்பது நஷ்ட ஈட்டுக் குழுவே. அக்குழு ஒரு பக்கம் சாயுமாயின் சட்டம் ஏட்டுச் சுரைக்காயாகிவிடும்.

ஆகவே நியமனம் ஒருவர் கையில் விடப்படவில்லை. கவர்னர் பெயரைக் குறிப்பிடுகிறார். செனட் சபை ஆராய்ந்து ஒப்புதல் அளிக்க வேண்டும். குழுவில் 13 அங்கத்தினர். பதவிக்காலம் 7 ஆண்டு. கவர்னரின் பதவிக்காலமோ 4 ஆண்டுதான். ஆதலின் நியமித்தவர் மாறினாலும் அங்கத்தினர் அஞ்சாமல் நீதி வழங்கலாம்.

1919இல் கவர்னர் ஆல் ஸ்மித், இச்சட்டத்தை நிர்வகித்து வந்த தொழில் கமிஷனுக்குப் பிரான்சிஸ் பெர்கின்ஸ் அம்மையாரை நியமித்தார். டிரையாங்கிள் தீயை நேரில் கண்டவர் அவர். ஆட்சேபம் எழுந்தபோதிலும் செனட் ஒப்புதல் அளித்தது. 1933இல் அவர் அமெரிக்க மத்திய அரசின் தொழில் மந்திரியானார். அந்நாட்டு மந்திரி சபையில் இடம் பெற்ற முதல் பெண்மணி அவரே.

இம்முறையிலும் குறை நேரலாம். கட்சிப் பூசலால் ஒப்புதல் தாமதமானால் இடங்கள் காலியாகக் கிடக்கும். காயமுற்றவர் காத்திருக்க நேரும். நியமிக்கப்படுபவர் எக்கட்சியினர் என்பதைவிட, அவர் நடுநிலையும் விஷய ஞானமும் உடையவரா என்பதையே சபையினர் ஆராய வேண்டும். அவ்வாறு ஆராய்ந்தால்தான் ஒப்புதல் என்னும் சடங்கு தொழிலாளிக்குக் காவலாக அமையும்.