டி.வி.யோடு குட்டிக் கம்ப்யூட்டர்

மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில் இருக்கிறது பாலாறு. இப்படிக் காட்டோர ஊரில் இணையத்தை நம்பிப் படம் பார்க்க உட்கார்ந்தால், திரையில் வட்டம்தான் சுற்றும். படங்களைப் பென்டிரைவில் சேர்த்துவைத்து, ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் மூலம் டி.வி.யில் பாருங்கள்.

1. பையில் இரண்டு மைக்ரோ எச்.டி.எம்.ஐ. துளைகள் உண்டு. பவர் வயரை ஒட்டியிருப்பதில் கேபிளைச் செருகுங்கள். அதுதான் முதல் துளை.

2. டி.வி.யின் யு.எஸ்.பி.யிலிருந்து கரன்ட் எடுக்காதீர்கள். 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். குறைந்தால் திரை மூலையில் மின்னல் குறி எட்டிப் பார்க்கும். பிறகு படம் திக்கும்.

3. மெமரி கார்டில் லிப்ரீஎலெக் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றுங்கள். கோடி பிளேயர் அதற்குள்ளேயே இருக்கிறது. இலவசம்.

4. டி.வி. செட்டிங்ஸில் சி.இ.சி.யை ஆன் செய்யுங்கள், டி.வி. ரிமோட்டே பைக்கும் போதும். சாம்சங்கில் இதன் பெயர் எனிநெட் பிளஸ், எல்.ஜி.யில் சிம்ப்லிங்க். (ஆளுக்கொரு பெயர் வைத்து நம்மைத் தேடவிடுகிறார்கள்!) கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு படம் பார்ப்பது எனக்குப் பிடிக்காத வேலை.

5. பென்டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். ஃபேட்32-இல் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. உள்ளே இருப்பதை முதலில் வேறிடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள். ஃபார்மட் செய்தால் எல்லாம் அழிந்துபோகும்.

6. சப்டைட்டிலின் கீழ்வரி வெட்டுப்பட்டால், டி.வி.யின் பிக்சர் சைஸில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' வையுங்கள்.

7. பிளக்கைச் சட்டென்று பிடுங்காதீர்கள். கோடியில் ஷட்டவுன் கொடுத்து, பச்சை விளக்கின் துடிப்பு நின்றபின் சுவிட்சை அணையுங்கள்; இல்லாவிட்டால் மெமரி கார்டு கெடும்.