ஏழு நாள் முகாமுக்கு முன்னால்

கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் பொறுப்பைப் புதிதாக ஏற்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "சிறப்பு முகாமில் ஏழு நாளும் என்ன செய்வது?" போன ஆண்டின் நிகழ்ச்சி நிரல் கையில் இருக்கும். தொடக்க விழா, கோயில் வளாகத் தூய்மை, மரக்கன்று நடுதல், கண் சிகிச்சை முகாம், கால்நடை முகாம், விழிப்புணர்வுப் பேரணி, நிறைவு விழா. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் இந்த நிரல் எந்த ஊருக்கும் பொருந்திவிடும். அதன் கோளாறே அதுதான். ஊரைப் பார்க்காமல் எழுதியதை வைத்துக்கொண்டு ஏழு நாள் ஓடினால், ஊரைப் பார்க்காமலே திரும்பி வருவோம்.

நிரலை எடுத்து ஓரமாக வையுங்கள். முகாமுக்கு மூன்று மாதம் முன்பே நான்கைந்து மாணவர்களோடு ஊருக்குப் போய்வரத் தொடங்குங்கள். எந்த வேலை என்பதை ஊர்க்காரர்களிடம் பேசிய பிறகு முடிவு செய்யுங்கள்.

அதற்கு நேரம் ஏது என்று கேட்பீர்கள். நேரம் திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் இத்திட்டம் தொடங்கியது. ஒரு தன்னார்வலர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம், அதாவது ஆண்டுக்கு 120 மணி நேரம், வழக்கமான பணிகளில் ஈடுபட வேண்டும். பல கல்லூரிகளில் இந்த நேரம் விழாக்களில் நாற்காலி எடுத்துப் போடுவதிலும் விருந்தினர்களை வரவேற்பதிலும் கரைந்துவிடுகிறது. அதில் பாதியைத் தத்தெடுத்த கிராமத்துக்கு ஒதுக்கினாலே போதும். முகாம் தொடங்கும் நாளில் நீங்கள் அந்த ஊருக்குத் தெரிந்தவர்களாகப் போய் இறங்குவீர்கள்.

முதலில் யாரைப் பார்ப்பது? ஊராட்சித் தலைவரையும் ஊராட்சிச் செயலரையும் பார்க்காமல் எதுவும் நடக்காது, அது முறை. ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். எந்த வீட்டில் எடை குறைந்த குழந்தை இருக்கிறது என்பது அங்கன்வாடிப் பணியாளருக்குத் தெரியும். எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வராது என்பது மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போடுபவருக்குத் தெரியும். கிராம சுகாதார செவிலியர், மகளிர் சுய உதவிக் குழுவினர், பள்ளித் தலைமையாசிரியர் எல்லோரிடமும் உட்கார்ந்து பேசுங்கள்.

காலனித் தெருவுக்கு முதல் நாளே போங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். முகாம் எங்கே தங்குகிறது, சமையல் எங்கே நடக்கிறது, பேரணி எந்தத் தெருவோடு திரும்பி விடுகிறது என்பதையெல்லாம் ஊர் கவனித்துக்கொண்டே இருக்கும். ஊர்த் தெருவில் மட்டும் நடந்த முகாம், தெரிந்தோ தெரியாமலோ ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. சில இடங்களில் "அந்தப் பக்கம் வேண்டாம் சார், பிரச்சினை ஆகும்" என்று தடுப்பார்கள். தடுப்பவரோடு சண்டைக்கு நிற்க வேண்டாம். மாணவர்களில் யாரும் எந்தத் தெருவுக்கும் போவார்கள், எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள் என்பதைத் தொடக்கத்திலேயே பணிவாக, தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அது முடியாது என்றால் வேறு ஊரைத் தேடுங்கள்.

இரண்டாவது, மூன்றாவது வருகையில் ஊர் வரைபடம் ஒன்றை மக்களையே வரையச் சொல்லுங்கள். மந்தையிலோ பள்ளி வளாகத்திலோ கோலப்பொடியால் தரையில் வரையலாம். கிணறு, குளம், தெருக்குழாய், ரேஷன் கடை, சுடுகாட்டுப் பாதை எல்லாம் அதில் வரும். காகிதம் என்றால் படித்தவர் கையில்தான் பேனா இருக்கும். தரை என்றால் கோலம் போட்டுப் பழகிய கைகளும் வரும். குடிநீருக்காகத் தாங்கள் நடக்கும் வழியைப் பெண்கள் பொடியால் இழுத்துக் காட்டும்போது, பத்துப் பக்க வினாநிரலில் கிடைக்காதது கிடைக்கும்.

வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கேள்வி போதும்: நாம் போன பிறகு இதை யார் பார்த்துக்கொள்வார்கள்? மரக்கன்றுகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் தோற்கின்றன. தை மாதத்தில் நட்ட நூறு கன்றுக்குச் சித்திரையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. பத்துக் கன்றை, பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் பத்து வீட்டு வாசலில் வையுங்கள், பிழைக்கும். குளக்கரையில் மரம் வேண்டும் என்று ஊர் கேட்டால் பனை நல்லது. ஆனால் பனை விதைக்கு வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய மாதங்களே ஏற்ற காலம். முகாம் தேதிக்காக அது காத்திராது. அந்த வேலையை வழக்கமான பணி நேரத்தில் முடித்துவிடுங்கள். குளம் யாருடையது என்றும் விசாரியுங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுவாக நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். அனுமதி கேட்க வேண்டிய அலுவலகம் அதைப் பொறுத்து மாறும்.

மாணவர்களின் பாடத்தை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லாதீர்கள். வணிகவியல் மாணவரைச் சாக்கடை ஓரம் நிறுத்தி மண்வெட்டி கொடுப்பதில் தவறில்லை. ஆனால் சுய உதவிக் குழுவின் கணக்குப் புத்தகத்தை அவர் குழுவினரோடு உட்கார்ந்து சரிபார்த்தால் இரு தரப்பும் கற்றுக்கொள்ளும். தமிழ் மாணவர் ஊரின் வயல்பெயர்களையும் தாலாட்டுகளையும் பதிவு செய்யலாம். கணினி மாணவர் முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லலாம்.

வேதியியல் மாணவர்களுக்கு ஒரு வேலையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்கும் நோக்கத்தோடு கொண்டுவரப்பட்டது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. ஆய்வகத்தில் கடினத்தன்மைக்குத் தரம்பார்த்த மாணவர், தெருக்குழாய் நீரை அதே கவனத்தோடு சோதித்தால் பாடம் அவருக்கு வேறு மாதிரி விளங்கும். ஆழ்துளைக் கிணறு என்றால் சில நிமிடம் நீரை ஓடவிட்டுப் பிறகு பிடிக்க வேண்டும். ஃபுளோரைடு சோதனைக்குக் கண்ணாடிக் குப்பி கூடாது, பிளாஸ்டிக் குப்பியே ஏற்றது. குப்பியை அதே நீரில் அலசி, இடமும் தேதியும் எழுதி ஒட்ட வேண்டும்.

முடிவு கையில் வந்ததும்தான் உண்மையான பொறுப்பு தொடங்குகிறது. களப் பரிசோதனைப் பெட்டியில் நிறம் மாறியதைப் பார்த்து ஊரைக் கூட்டிப் பயமுறுத்தக் கூடாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் உறுதி செய்யுங்கள். அதன்பின் மறைக்கவும் கூடாது. அந்த நீரைக் குடிப்பவர்களுக்கு அது தெரிய வேண்டும். இங்கே மாணவர்கள் நல்ல எண்ணத்தோடு சொல்லும் ஒரு யோசனையைத் தடுத்துவிடுங்கள்: "காய்ச்சிக் குடியுங்கள்" என்பது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடத்தான் செய்யும். பாடம் முழுதாகத் தெரியாமல் சேவை செய்வதில் இப்படிப்பட்ட ஆபத்துகள் இருக்கின்றன. துறை ஆசிரியர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

கண்டறிந்ததை ஒப்படைக்கச் சரியான இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூடுகிறது. இவற்றில் ஒன்றுக்கு முன்னால் முகாம் முடியும்படி தேதி வைத்தால், ஒரு பக்க அறிக்கையைத் தலைவரிடம் முன்கூட்டியே காட்டி, சபையில் படிக்க வைக்கலாம். படிப்பவர் அந்த ஊரைச் சேர்ந்தவராக இருப்பது மேல். வீடுவீடாகக் கணக்கெடுக்கும்போது ஆதார் எண், வருமானம் போன்றவற்றைத் தேவையில்லாமல் கேட்காதீர்கள். கேட்ட விவரம் எதற்கு என்று சொல்ல முடியாவிட்டால் அந்தக் கேள்வியை அடித்துவிடுங்கள். பெற்றோர் சம்மதமின்றிக் குழந்தைகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முகாமில் இடமே இருக்கக் கூடாது.

அனுபவத்தால் மட்டும் கல்வி வந்துவிடாது. அமெரிக்கச் சிந்தனையாளர் ஜான் டூயி 1938இல் வெளியிட்ட நூலிலேயே, எல்லா அனுபவமும் கற்பிப்பதில்லை, சில அனுபவங்கள் தவறாகவும் கற்பிக்கும் என்று எச்சரித்தார். காலை பதினொரு மணிக்கு வேப்பமரத்தடியில் பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் நகரத்து மாணவர், "இங்கே யாரும் வேலை செய்வதில்லை" என்று குறித்துக்கொள்ளக்கூடும். விடியும் முன்பே எழுந்து சோறாக்கி, நாற்று நட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள் அவர்கள் என்பது அவருக்குத் தெரியாது. யாரும் திருத்தாவிட்டால் அந்தக் குறிப்பு அவர் மனத்தில் வாழ்நாள் முழுவதும் தங்கிவிடும்.

ஆகவே முகாமில் மாலை ஒரு மணி நேரத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். கலைநிகழ்ச்சி ஒத்திகைக்கும் கூட. வட்டமாக உட்காருங்கள். இன்று என்ன பார்த்தாய், அதைப் பார்த்து என்ன நினைத்தாய், அப்படி நினைக்க என்ன ஆதாரம், நாளை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாய் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். பேசக் கூச்சப்படுபவர் எழுதட்டும். மதிப்பெண் தருவது உங்கள் கையில் இருந்தால் நட்ட கன்றுகளின் எண்ணிக்கைக்குத் தராதீர்கள், இந்த நாட்குறிப்புக்குத் தாருங்கள். முதல் நாள் எழுதியதை ஐந்தாம் நாள் தானே மறுத்து எழுதிய மாணவர்தான் அந்த முகாமில் அதிகம் கற்றவர் என்பது என் உறுதியான எண்ணம்.

பாதுகாப்பில் சில விஷயங்களுக்கு விவாதமே கிடையாது. கிணறு, குளம், ஆறு எதிலும் குளிக்க அனுமதி இல்லை. கழிவுநீர்த் தொட்டியிலோ பாதாளச் சாக்கடையிலோ மாணவர் யாரும் இறங்கக் கூடாது. சீமைக் கருவேலம் வெட்டுவதென்றால் கெட்டியான செருப்பும் கையுறையும் வேண்டும். மாணவிகள் தங்கும் இடத்தில் கழிப்பறையும் தண்ணீரும் விளக்கும் சரியாக இருக்கின்றனவா என்பதைப் பெண் ஆசிரியரும் இரண்டு மாணவிகளும் நேரில் பார்த்த பிறகே இடத்தை உறுதி செய்யுங்கள். பாம்புக்கடிக்கு மருந்துள்ள மருத்துவமனை எது, எத்தனை கிலோமீட்டர் என்பதை எல்லோரும் பார்க்கும்படி எழுதி ஒட்டுங்கள்.

ஓர் ஊரோடு ஏற்படும் உறவுக்கு ஏழு நாள் போதாது. காந்திகிராமத்தில் 1947இல் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய நிறுவனம், கிராமத்தில் தங்கிப் பயில்வதைப் படிப்பின் பகுதியாகவே வளர்த்தது. இப்போது மருத்துவ மாணவர்களுக்கும் சில குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து கவனிக்கும் முறை பாடத்திட்டத்தில் வந்துள்ளது. கலைக் கல்லூரிக்கும் இதே தொடர்ச்சி சாத்தியம்தான். இரண்டாம் ஆண்டு மாணவர் வெளியேறும்போது முதலாம் ஆண்டு மாணவர் உள்ளே இருக்கிறார். ஊருக்கென்று ஒரு பதிவேடு வையுங்கள்: வரைபடத்தின் பிரதி, நீர்ச் சோதனை முடிவுகள், கிராம சபையில் என்ன தீர்மானம் ஆனது, எந்தக் கன்று பிழைத்தது, ஊருக்கு நாம் சொல்லிவிட்டு இன்னும் செய்யாதது எது. நிறைவு விழாப் பந்தலைப் பிரிக்கும் முன்பே அடுத்த வருகையின் தேதியை முடிவு செய்து ஊராட்சி அலுவலகத்திலும் சொல்லிவிடுங்கள். அந்தத் தேதியில் மூத்த மாணவர்கள் புதியவர்களை அழைத்துப்போய் அங்கன்வாடிப் பணியாளரிடமும் மோட்டார் போடுபவரிடமும் அறிமுகம் செய்துவைத்து, பதிவேட்டை அவர்கள் கையில் கொடுக்கட்டும்.