குடற்கிருமிகளும் மருந்தை வெல்லும் ஆற்றலும்

சங்கரன்கோவிலில் ஆடித் தபசு நாளன்று மக்கள் பெருந்திரளாய்க் கூடுவர். இத்தகைய கூட்டங்களில் பருகும் நீர் தூய்தன்றாயின், வாந்திபேதி, டைபாயிடு முதலிய குடல்நோய்கள் எளிதிற் பரவும். அந்நோய்க் கிருமிகள் தம்மைக் கொல்லும் மருந்தையே எதிர்த்து நிற்குமாறு எங்ஙனம் என்பதை யாம் ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

“மருந்து உடம்புக்குப் பழகிவிட்டது, ஆதலின் கேட்கவில்லை” என்பர் சிலர். அஃது உண்மையன்று. மாறுவது உடம்பன்று, கிருமியே. கோடிக்கணக்காய்ப் பெருகும் கிருமிகளுட் சில, தற்செயலாய் நேரும் மரபு மாறுதலால் மருந்தைச் சிதைக்கும். அல்லது வெளியே தள்ளும். மருந்து உண்ணுங்கால் ஏனைய மடிய, இவையே எஞ்சிப் பெருகும். நம் குடலில் வாழும் தீங்கற்ற கிருமிகளும் உடன் அழியும். பயிரைப் பறித்துக் களையை நிறுத்திய கழனிக்கு இஃது ஒப்பாம்.

இன்னும் ஒன்று வியக்கத்தக்கது. ஒரு கிருமி தான் பெற்ற இவ்வாற்றலைத் தன் வழித்தோன்றல்களுக்கேயன்றி, அருகிலுள்ள வேறினக் கிருமிக்கும் வழங்க வல்லது. 1972-இல் கோழிக்கோட்டில், குளோராம்பெனிக்கால் என்னும் மருந்துக்கு அடங்காத டைபாயிடு கண்டறியப்பட்டது. அவ்வெதிர்ப்பு பிற கிருமிகட்கும் செல்லக்கூடியதாயிருந்தது. 1992-இன் இறுதியில் சென்னையில் ஓ139 என்னும் புதுவகைக் காலராக் கிருமி தோன்றி, மறு ஆண்டிற்குள் கல்கத்தாவிலும் வங்காள தேசத்திலும் பரவிற்று. சென்னையிற் கிடைத்த அக்கிருமியை ஆராய்ந்தோர், சல்பாமெத்தாக்சசோல், டிரைமெத்தோபிரிம், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகிய மூன்று மருந்துகளையும் எதிர்க்கும் மரபணுத் தொகுதி ஒன்று அதனுள் இருத்தலையும், அது கிருமி விட்டுக் கிருமி தாவுதலையும் 1996-இல் வெளியிட்டனர்.

ஆதலின், ஒருவன் வேண்டாது உண்ணும் மாத்திரை அவனளவில் நில்லாது. அவன் குடலில் வளர்ந்த எதிர்ப்பு, கழிவு கலந்த நீர்வழியே அயலான் குழந்தையையும் அடையும். பிறர்பொருட்டேனும் நாம் எச்சரிக்கையாயிருத்தல் கடன்.

யாது செய்யத்தகும்? சாதாரண வயிற்றுப்போக்கிற் பெரும்பாலானவை கிருமிக்கொல்லி மருந்தை வேண்டுவன அல்ல. இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்தலே வேண்டுவது. ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து கரைத்து, அடிக்கடி பருகக் கொடுக்கலாம். குருதி கலந்த பேதி, நீங்காத காய்ச்சல், கடும் நீரிழப்பு ஆகியன தோன்றின் மருத்துவரை உடனே நாடல் வேண்டும். அவர் குறித்த மருந்தைக் குறித்தவாறே உண்ணல் வேண்டும். கடையிற் கேட்டு வாங்கி உண்ணல் தகாது. நோயின் முதலை ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்க என வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்துள் வகுத்த முறையும் இதுவேயன்றோ!