லேபிளில் இருப்பது உங்கள் அளவு அல்ல

நம்பிக்கை: போன வருடம் ‘எல்’ சரியாக இருந்தது, இந்த வருடம் ‘எக்ஸ்எல்’ கேட்கிறது. உடம்பு பெருத்துவிட்டது.

ஜவுளிக்கடை டிரையல் ரூம் வாசலில் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழாமல் போகாது. கூட வந்த அம்மாவோ அக்காவோ, “நான் அப்பவே சொன்னேன், ராத்திரி சோத்தைக் குறைன்னு” என்பார். ஆசையோடு எடுத்த குர்தி திரும்ப ரேக்குக்குப் போய்விடும். பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் ஒரு துண்டு லேபிளைப் பார்த்துவிட்டுத் தங்கள் உடம்பையே வெறுப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகம் வருகிறது. அந்த எழுத்துக்கு நிலையான அளவு என்று ஒன்று இல்லவே இல்லை.

இந்தியாவில் ‘எம்’ என்றால் மார்புச் சுற்று இத்தனை, ‘எல்’ என்றால் இத்தனை என்று எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் அளவு எதுவும் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் வாடிக்கையாளர் யார் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. கல்லூரிப் பெண்களை மனதில் வைத்துத் தைக்கிற நிறுவனத்தின் ‘எல்’ ஒடுக்கமாக இருக்கும். நாற்பது வயதுக்காரர்களுக்குத் தைக்கிற நிறுவனத்தின் ‘எல்’ தாராளமாக இருக்கும். அடுத்தடுத்த ரேக்கில் இருக்கும் இந்த இரண்டையும் அரை மணி நேரத்துக்குள் போட்டுப் பார்க்கிற பெண்ணுக்கு ஒன்று பிடிக்கிறது, மற்றொன்று தொளதொளக்கிறது. அந்த அரை மணியில் அவள் உடம்பு மாறவில்லை. விலை கூடிய பிராண்ட் என்றால் சைஸ் சரியாக இருக்கும் என்பதும் இதே காரணத்தால் நிற்காது. விலை துணியையும் தையலையும் பற்றிச் சிலது சொல்லலாம், சைஸைப் பற்றி எதுவும் சொல்லாது.

நம்பிக்கை: வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். நம்மூரில்தான் இந்தக் குளறுபடி.

குளறுபடியின் வரலாறு மிக நன்றாகப் பதிவாகியிருப்பதே அமெரிக்காவில்தான். தபாலில் துணி விற்கும் நிறுவனங்கள் அங்கே வளர்ந்தபோது, அளவு சரியில்லை என்று திரும்பி வந்த உடைகள் பெரிய தலைவலியாயின. 1939, 1940 ஆண்டுகளில் அந்நாட்டு விவசாயத் துறையின் மனையியல் பிரிவு சுமார் 15,000 பெண்களை அளந்தது. ரூத் ஓபிரையன், வில்லியம் ஷெல்டன் இருவரும் நடத்திய அந்த ஆய்வில், எடையோடு சேர்த்து ஒவ்வொரு பெண்ணிடமும் 59 அளவுகள் எடுக்கப்பட்டன. அதுவரை யாரும் செய்யாத பெரிய வேலை. ஆனால் அடித்தளத்திலேயே கோணல் இருந்தது. அளக்க வந்தவர்களுக்குச் சிறு தொகை கொடுத்ததால், அந்தப் பணம் தேவைப்பட்ட ஏழைகளும் இளம்பெண்களும் அதிகம் வந்தார்கள். வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. ஒரு நாட்டின் பெண்கள் எல்லோருக்குமான உடையளவு இப்படிப் பல பெண்களை விட்டுவிட்டுத்தான் தொடங்கியது.

அதை அடிப்படையாக வைத்து 1958இல் அரசு ஒரு சைஸ் தரத்தை வெளியிட்டது. அதில் 8ஆம் சைஸ் என்றால் மார்பு 31 இன்ச், இடுப்பு 23.5 இன்ச், இடுப்புக்குக் கீழ்ச் சுற்று 32.5 இன்ச். பெண் என்றால் நடு ஒடுங்கிய உடம்புதான் என்ற எண்ணத்தில் வரைந்த அட்டவணை அது. பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நிறுவனங்கள் மெல்ல மெல்ல நழுவின. 1983இல் அரசே அந்தத் தரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அதற்குப் பிறகு எண் மட்டும் அப்படியே நின்றது, துணி அகன்றுகொண்டே போனது. 2008இல் வெளிவந்த தொழில்துறை அட்டவணையில் அதே 8ஆம் சைஸ் மூன்று இடத்திலும் ஐந்து, ஆறு இன்ச் பெருத்திருந்தது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1937இல் சியர்ஸ் நிறுவனத்தின் பட்டியலில் 32 இன்ச் மார்பளவுக்கு 14ஆம் சைஸ். 1967இல் அதே 32 இன்ச், 8ஆம் சைஸ் ஆனது. 2011இல் அது பூஜ்யம் ஆகிவிட்டது. சிறிய எண்ணைப் பார்த்தால் வாங்குபவர் மனம் குளிர்கிறது, வாங்கிவிடுகிறார் என்று வியாபாரிகள் கண்டுகொண்டார்கள். எண்ணைக் கீழே இறக்கி இறக்கி, இறக்க இடமில்லாமல் போனபோது பூஜ்யத்தைக் கொண்டுவந்தார்கள்.

இது தெரியாததால்தான், நடிகை மர்லின் மன்றோ 16ஆம் சைஸ் போட்டார், அவரும் இன்றைய கணக்கில் பருமன்தான் என்ற செய்தி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நல்ல எண்ணத்தோடு, பருத்த பெண்களுக்கு ஆறுதலாகத்தான் அதைப் பகிர்கிறார்கள். ஆனால் அவருடைய இடுப்பளவாகப் பதிவானது 22, 23 இன்ச். 1950களின் எண்ணை எடுத்து இன்றைய உடையோடு ஒப்பிட முடியாது. யாருடைய உடம்பையும் கௌரவிக்க இன்னொருவர் இடுப்பைப் பற்றிப் பொய் சொல்லவும் வேண்டியதில்லை.

நம்பிக்கை: ஒரே கம்பெனி, ஒரே டிசைன், ஒரே சைஸ் என்றால் அளவும் ஒன்றாகத்தான் இருக்கும்.

இதற்குப் பதில் திருப்பூரில் இருக்கிறது. அங்கே ஆர்டர் வரும்போது பையர் ஓர் அளவுப் பட்டியலையும் அனுப்புவார். மார்பு, நீளம், தோள், கை, கழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு, பக்கத்திலேயே எவ்வளவு கூடலாம் குறையலாம் என்ற டாலரன்ஸ். மார்பகலத்துக்கு ஒரு சென்டிமீட்டர் டாலரன்ஸ் என்று வைத்துக்கொள்வோம். செக்கிங் டேபிளில் உடையைப் படுக்கவைத்து அளப்பதால் அது பாதிச் சுற்றுதான். சுற்றளவாகப் பார்த்தால் இரண்டு சென்டிமீட்டர் கூடவும் போகலாம், குறையவும் போகலாம். ஆகவே செக்கிங்கில் தேறிய இரண்டு ‘எம்’ உடைகளுக்கு இடையே நான்கு சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்க முடியும். ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் உள்ள இடைவெளியே பெரும்பாலும் ஐந்து சென்டிமீட்டர்தான்! யாரும் தவறு செய்யாமலேயே ஒரு ‘எம்’ கிட்டத்தட்ட ‘எல்’ ஆகிவிடுகிறது.

இதோடு பனியன் துணியின் குணமும் சேர்கிறது. ரோலில் சுற்றியிருக்கும்போது இழுபட்டிருக்கும் துணி, விரித்துப் போட்டுச் சில மணி நேரம் ஓய்வு கொடுத்தால்தான் தன் நிலைக்கு வரும். ஷிப்மென்ட் அவசரத்தில் உடனே அடுக்கிப் போட்டு வெட்டினால், வெட்டிய பிறகு சுருங்கும். வீட்டில் துவைத்த பிறகு இன்னும் கொஞ்சம். பருத்தி பனியன் துணியில் 5 சதவீதச் சுருக்கம் சகஜம். ஒரே டிசைனை இரண்டு மூன்று யூனிட்டுகளில் தைப்பதும் வழக்கம். கட்டிங் மாஸ்டர் மாறினால் கையும் மாறும்.

அதே தையல் லைனில் இந்த வாரம் ஒரு நாட்டுக்கான ‘எம்’, அடுத்த வாரம் இன்னொரு நாட்டுக்கான ‘எம்’ ஓடும். இரண்டின் பட்டியலும் வேறு வேறு. வழக்கமான மாற்றுப் பட்டியல்களின்படி பிரிட்டனின் 12, ஜெர்மனிக்கு 38, பிரான்ஸுக்கு 40, இத்தாலிக்கு 44. எஞ்சிய சரக்கு எக்ஸ்போர்ட் சர்ப்ளஸாகத் திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளுக்கும் அங்கிருந்து ஊர் ஊராகவும் போகிறது. ஆக, நம் கையில் கிடைக்கும் ‘எல்’ எந்த நாட்டுப் பெண்ணுக்காகத் தைத்தது என்பதே தெரியாமல், அது நமக்குச் சேரவில்லை என்று கண்ணாடி முன்னால் நின்று வருந்துகிறோம்.

நம்பிக்கை: பெரிய சைஸ் வாங்கினாலும் சரியாக உட்காரவில்லை. என் உடம்பு வாகுதான் சரியில்லை.

இதைச் சொல்லும் பெண்களிடம் நான் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல நினைப்பது, குறை பேட்டர்னில் இருக்கிறது என்பதைத்தான். பெரும்பாலான நிறுவனங்கள் ஒரு நடுத்தர சைஸுக்கு மட்டும்தான் ஆளை நிறுத்தி, போட்டுப் பார்த்து, திருத்தித் திருத்திப் பேட்டர்ன் போடுகின்றன. மற்ற சைஸ்கள் எல்லாம் அதிலிருந்து கணக்குப் போட்டுப் பெருக்குவதும் குறைப்பதும். தொழிலில் இதற்குக் கிரேடிங் என்று பெயர். மார்பில் இரண்டு இன்ச் கூட்டும்போது கழுத்தும் தோளும் கைத்துளையும் கூடவே அகலும். ஆனால் சதை கூடினால் எலும்பு நீள்வதில்லை. வயிற்றிலும் மார்பிலும் புஜத்திலும் சதை கூடிய பெண்ணுக்குத் தோள் அகலம் அவ்வளவாக மாறாது. அதனால்தான் ‘டபுள் எக்ஸ்எல்’ குர்தியின் கழுத்து தோளிலிருந்து வழுக்கி விழுகிறது, கைப்பகுதியோ புஜத்தில் இறுக்குகிறது. நடுத்தர சைஸைவிட இரண்டு மூன்று படி தள்ளிப் போகப் போக இந்தப் பிசகு பெருகும். மேலே ஓர் அளவும் கீழே ஓர் அளவும் உள்ள பெண்களுக்கு, டாப்பும் பேன்ட்டும் சேர்த்து ஒரே சைஸில் விற்கும் சுடிதார் செட் செய்யும் அநியாயமும் இதே வகைதான். இரண்டையும் தனித்தனி சைஸில் எடுக்கக் கடைகள் அனுமதிக்கலாம். அதற்குக் கூடுதல் செலவு பெரிதாக எதுவும் இல்லை.

பொருந்தாவிட்டால், தையல்கடையில் தைத்த உடையை உள் தையல் பிரித்து விட்டுக்கொள்ளலாம். ரெடிமேடில் ஓவர்லாக் போட்டு ஓரத்தை ஒட்ட வெட்டிவிடுவதால் பிரித்துவிடத் துணியே இருக்காது. ‘ஃப்ரீ சைஸ்’ நைட்டிக்கும் லெக்கின்ஸுக்கும்கூட அவரவர் நிறுவனம் வைத்த ஒரே ஓர் அளவு உண்டு. எல்லோருக்கும் சேரும் என்பது விற்பனைப் பேச்சு.

நம்பிக்கை: குர்தியில் 40 என்று இருந்தால் 40 இன்ச். எண் பொய் சொல்லாது.

எந்த 40 என்பதுதான் கேள்வி. உடம்பின் மார்புச் சுற்று 40 உள்ளவருக்கான உடை என்று சிலர் போடுகிறார்கள். தைத்த உடையின் சுற்றே 40 என்று சிலர் போடுகிறார்கள். நம் தையல்காரர்கள் உடம்பளவுக்கு மேல் இரண்டு இன்ச் லூசு விட்டுத் தைப்பார்களே, அந்த லூசு முதல் வகையில் தனியாகச் சேர்ந்திருக்கும், இரண்டாவதில் அந்த 40க்குள்ளேயே அடங்கிவிடும். 38 உடம்புக்காரர் முதல் கடையில் 38 வாங்க வேண்டும், அடுத்த கடையில் 40. ஆண்களின் பேன்ட்டிலும் இந்தக் கதை உண்டு. 2010இல் அமெரிக்காவின் எஸ்குவயர் இதழ் 36 என்று லேபிள் போட்ட பேன்ட்களை அளந்தபோது ஒன்று 41 இன்ச் வரை இருந்தது.

உள்ளாடையில் இந்தக் குழப்பம் இன்னும் ஆழம். ‘சி’ என்றால் பெரிது, ‘பி’ என்றால் சிறிது என்று பலரும் நினைக்கிறார்கள். கப் எழுத்து தனியாக ஓர் அளவே கிடையாது. மார்புச் சுற்றுக்கும் அதற்குக் கீழே உள்ள சுற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அது குறிக்கிறது. 34சி, 36பி, 32டி மூன்றின் கப் கொள்ளளவும் ஏறக்குறைய ஒன்றே. தோளில் பட்டை வெட்டுகிறது, முதுகுப் பட்டை மேலே ஏறுகிறது என்றால் பட்டையின் எண்ணைக் குறைத்து எழுத்தை ஏற்றிப் பாருங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு வருடக்கணக்கில் வலியோடு இருக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை: பெண்கள் உடம்பு பலவிதம். இதை ஒழுங்குபடுத்தவே முடியாது.

ஒற்றை எழுத்தில் முடியாது என்பது உண்மை. சென்டிமீட்டரில் முடியும். சீனத் துணிகளின் லேபிளில் 160/84ஏ போன்ற குறியைப் பார்த்திருப்பீர்கள். 160 செ.மீ. உயரம், 84 செ.மீ. மார்புச் சுற்று, ‘ஏ’ என்பது மார்புக்கும் இடுப்புக்கும் உள்ள வித்தியாசத்தின் வகை. ஒரே வரியில் மூன்று தகவல். ஸ்பெயின் அரசு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை அளந்து 2008இல் முடிவுகளை வெளியிட்டது. அர்ஜென்டினா 2019இல் சைஸுக்கென்றே ஒரு தேசியச் சட்டம் கொண்டுவந்தது. நம் நாட்டிலும் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட் மூலம், ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் ‘இந்தியாசைஸ்’ திட்டத்தை 2018இல் அறிவித்தார்கள். இந்திய உடம்புகளை அளந்து இந்தியருக்குச் சைஸ் போடுவது எப்போதோ நடந்திருக்க வேண்டிய வேலை.

அதுவரை நம் பாட்டிமார் வழியே நல்ல வழி. தையல்காரரிடம் அளவு ஜாக்கெட் கொடுப்பது போல, உங்களிடம் நன்றாகப் பொருந்துகிற ஒரு குர்தியைத் தரையில் விரித்து, அக்குளுக்குக் கீழே குறுக்காக அளந்து இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். இடுப்பு, தோள், நீளம் ஆகியவற்றையும் குறித்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது இன்ச் டேப் ஒன்று கைப்பையில் இருக்கட்டும். ஆன்லைனில் வாங்கும்போது அளவு அட்டவணை உடம்புக்கா உடைக்கா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். 2022இல் திருத்திய எடையளவு விதிகளின்படி, கடையில் பிரித்து வைத்து விற்கும் ரெடிமேட் உடையிலும் எஸ், எம், எல் எழுத்தோடு சென்டிமீட்டர் அல்லது மீட்டர் அளவும் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் சேவை எண்ணும் மின்னஞ்சலும் இருக்க வேண்டும். லேபிளைத் திருப்பிப் பாருங்கள். சென்டிமீட்டர் இல்லையென்றால் அந்த எண்ணுக்கே கூப்பிட்டுக் கேளுங்கள். அந்த எண்ணும் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.