பிரசவத்தில் இடைவிடாத துணை

பிரசவ வேதனையுடன் அச்சமும் மிகுந்தால் உடலில் அட்ரினலின் பெருகும். அது கருப்பையின் சுருக்கத்தைத் தளர்த்துவதால் பிரசவம் நீடிக்கக்கூடும். அருகிருந்து கையைப் பற்றி ஆறுதல் கூறும் பெண்துணை இவ்வச்சத்தைத் தணிக்கும். 17 நாடுகளில் நடந்த 26 ஆய்வுகளை 2017இல் தொகுத்து நோக்கியபோது, இடைவிடாத துணை பெற்றோருக்குப் பிரசவ நேரம் குறைந்ததும், அறுவைச் சிகிச்சையின் தேவை குறைந்ததும் புலனாயின.

பாலக்காட்டு அட்டப்பாடியின் இருளருக்கும், இடுக்கி இடமலைக்குடியின் முதுவருக்கும் மருத்துவமனையில் வழங்கும் மலையாளம் வீட்டுமொழி அன்று. எனவே உடன்வரும் உறவினளை வாயிலில் நிறுத்தினால் தாய் ஆறுதலையும் பேச்சுத்துணையையும் ஒருங்கே இழப்பாள்.

அரசாங்க மருத்துவமனைகளில் இத்துணையை மத்திய அரசாங்கம் 2016இல் அனுமதித்தது. துணைவருபவர் பிள்ளை பெற்றவராக இருத்தல் விரும்பத்தக்கது; அவர் தொற்றுநோய் அற்றவராக இருத்தல் வேண்டும், சிகிச்சையில் தலையிடலாகாது. கருவுற்ற காலத்திலேயே துணையைத் தேர்ந்து வைக்குமாறு ஊழியர் குடும்பத்தாருக்கு அறிவுறுத்துவாராக.